சேறு விழுந்தால் பாதை அகலும்

யாழ்ப்பாணத்தில் பெருந்தெருவிலிருந்து வீட்டுப் படலைவரை போகும் ஒடுங்கிய வழியை ஒழுங்கை என்போம். தென்கொரியாவின் ஜேஜு தீவில் அதற்குப் பெயர் ஒல்லே. நம்மூரில் கிடுகு வேலி நிற்கும் இடத்தில் அங்கே எரிமலைக்கல் மதில் நிற்கிறது. ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரைப் பாதையை 2006இல் நடந்து முடித்த பத்திரிகையாளர் சோ மியோங்சுக் தன் சொந்தத் தீவுக்குத் திரும்பி, 2007 செப்டெம்பரில் ஒல்லே என்ற பெயரிலேயே ஒரு நெடும் நடைபாதையின் முதல் தடத்தைத் திறந்தார். இன்று 27 தடங்கள், மொத்தம் 437 கிலோமீற்றர். பக்கத்துச் சிறு தீவுகளும் இதில் சேர்த்தி.

கனரக இயந்திரத்தை இறக்காமல், மறந்துபோன பழைய வழிகளைத் தேடி இணைத்த பாதை இது. 7ஆம் தடத்தில் ஆடுகள் மட்டுமே போய்வந்த ஒரு கடலோரச் சரிவை கிம் சூபொங் என்பவர் மண்வெட்டியாலும் பிக்காசாலும் ஆள் நடக்கும் வழியாக்கினார். அந்தத் துண்டு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. கால்நடை போட்ட தடம் பெரும்பாலும் சரிவைக் குறுக்காக வெட்டிப் போகும். பாதை போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். நேரே மேலேறும் பாதை முதல் மழையிலேயே வாய்க்காலாகிவிடும்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. பாதையின் ஏற்றம், அது போகும் சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. நிலம் 10 மீற்றருக்கு 3 மீற்றர் இறங்கினால் பாதை 10 மீற்றருக்கு 1.5 மீற்றருக்குமேல் ஏறக்கூடாது; 1 மீற்றரோடு நின்றால் இன்னும் நல்லது. அகலம் 1 மீற்றர் போதும். அந்த ஒரு மீற்றரில் கடற்பக்க விளிம்பு 5 சென்ரிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். ஒரு மீற்றர் பலகையைக் குறுக்கே வைத்து, நீர்மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கத்து இடைவெளியை அளந்தால் தெரிந்துவிடும். மழைநீர் பாதையோடு ஓடாமல் அதைக் கடந்து இறங்கிப்போக அந்த 5 சென்ரிமீற்றர்தான் வழி.

ஆனால் அது நிலைக்காது. நடப்பவர்கள் நடுவையே மிதிப்பார்கள், நடு பள்ளமாகும், கடற்பக்க விளிம்பில் மண்ணும் புல்லும் சேர்ந்து வயல்வரம்புபோல் எழும்பும். ஒரு விரற்கடை வரம்பே போதும், தண்ணீர் உள்ளே அடைபட்டுப் பாதையோடு ஓடத் தொடங்கிவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது, மழைக்காலத்துக்கு முன், இந்த வரம்பைச் செதுக்கி எடுக்க வேண்டும். செதுக்கிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை. அதைச் சரிவில் தள்ளிப் பரப்பிவிட வேண்டும். பராமரிப்பில் ஒரேயொரு வேலைக்குத்தான் ஆள் கிடைக்கிறது என்றால் இந்த வேலையையே செய்யச் சொல்வேன்.

தட்டையான இடத்தில் தொல்லை வேறு. தண்ணீர் தேங்கும், சேறாகும், சேறு மிதிக்க விரும்பாதவர்கள் ஓரத்துப் புல்லில் நடப்பார்கள். புல் செத்து அந்த இடமும் சேறாகும், அடுத்தவர் இன்னும் தள்ளி நடப்பார். ஒரு மீற்றர் பாதை நான்கு மீற்றர் ஆவது இப்படித்தான். கல்லைக் கொட்டினால் சேறு விழுங்கிவிடும். கடற்கரை உருளைக்கல் இன்னும் மோசம், ஒன்றோடொன்று பிடிக்காமல் காலடியில் உருளும். முதலில் தண்ணீர் போக ஒரு வாய்க்கால் வெட்டுங்கள், பிறகு மிதிகல் வையுங்கள். ஒவ்வொரு கல்லும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பாரமாவது இருக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும். நடுவுக்கு நடு 50 முதல் 60 சென்ரிமீற்றர். வைத்ததும் நாலு மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். ஆடினால் அலவாங்கு போட்டுக் கிளப்பிக் குழியைத் திருத்த வேண்டும். சின்னக் கல்லைச் செருகிச் சமாளித்தால் அடுத்த மழைக்குள் அது கழன்றுவிடும். ஜேஜுவின் எரிமலைக்கல் துளைதுளையாக இருப்பதால் நனைந்தாலும் காலைப் பிடிக்கும். அலை ஏறும் கோட்டுக்குக் கீழே மட்டும் அதே கல்லில் பாசி படிந்து வழுக்கும். பாதையை அதற்கு மேலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

கொரியப் பாதைகளில் தென்னந்தும்புப் பாய் விரிப்பது இன்று பரவலான வழக்கம். தென்னை வளராத நாட்டில் நம்முடைய தும்பைக் காலடியில் காண்பது மனதுக்கு இதமான விஷயம். பொருளும் நல்ல பொருள்: மண்ணைப் பிடித்து வைக்கும், கடைசியில் மண்ணோடே மக்கிப்போகும். ஆனால் வாய்க்கால் வெட்டாத சரிவில் விரித்தால் தண்ணீர் பாய்க்கு அடியால் ஓடி மண்ணை அரித்துவிடும், மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டு பாய் சேரும் இடத்தில் மேற்பாயின் நுனி கீழ்ப்பாயின்மேல் படிய வேண்டும். முளைக்கம்பியை நெருக்கமாக அடியுங்கள். நுனி கிளம்பிய பாயில் கால் தடக்கித்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

ஒல்லேயில் வழிகாட்ட நீலமும் செம்மஞ்சளுமாக இரண்டு நாடா: நீலம் கடல், செம்மஞ்சள் ஜேஜுத் தீவின் தோடம்பழம். அம்புக்குறியில் நீலம் முன்னோக்கிய திசை, செம்மஞ்சள் எதிர்த்திசை. கான்சே என்ற சிறு குதிரை உருவமும் உண்டு, அதன் தலை பார்க்கும் பக்கம் வழி. நாடாவைக் காற்றில் ஆடும் கிளையில், கண்மட்டத்தில் கட்டுங்கள். முடிச்சுக்குள் இரண்டு விரல் போக வேண்டும், இல்லையென்றால் கிளை பருக்கும்போது நெரிபடும். பாதை பிரியும் இடத்துக்கு முன்னால் ஒன்று, பிரிந்து பத்தடி போனதும் உறுதிசெய்ய இன்னொன்று. சரிபார்க்கும்போது இரண்டு திசையிலும் நடக்க வேண்டும். போகும்போது தெளிவாகத் தெரிந்த நாடா வரும்போது இலைக்குப் பின்னால் மறைந்திருக்கும். நிறம் மங்கியதை அவிழ்த்துப் பையில் போடுங்கள், விட்டால் கடலுக்குத்தான் போகும். கம்பத்துக்கு ஆணி வேண்டுமென்றால் துருவேறா உருக்கு. கடற்காற்றில் சாதாரண ஆணி நிற்காது.

ஜேஜுவின் தோட்ட மதில்களில் கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். அது காற்று புகுந்து போவதற்காக விட்டது. சீமெந்து பூசி அடைத்தால் காற்று முழுப்பலத்தோடு மோதித் தள்ளும். நெடுந்தீவில் சாந்து இல்லாமல் அடுக்கிய பவளக்கல் வேலியைப் பார்த்தவர்களுக்கு இந்த அடுக்கு புதிதாக இராது. ஏறிக் கடப்பவர்களால் மேற்கல் விழும், ஆகவே பாதையை ஏற்கனவே உள்ள வாசலுக்குத் திருப்புங்கள். குதிரை மேயும் நிலமென்றால் ஆள் மட்டும் நெளிந்து போகக்கூடிய வளைவு வாசல் போதும். காணிக்காரரின் சம்மதம் முதலில். அவர் மனம் மாறினால் அன்றைக்கே நாடாவை அவிழ்த்து வேறு வழி பார்க்க வேண்டும்.

சில இடங்களுக்கு ஓய்வுதான் மருந்து. 10ஆம் தடத்திலுள்ள சோங்காக் மலை பொலபொலத்த எரிமலைச் சாம்பல்மண். காலடி பட்டுப்பட்டு அது அரிபட்டதால் 2015இல் உச்சிப் பாதையை மூடி, மண் தேறப் பல வருடம் விட்டார்கள். ஒரு துண்டை மூடுவதென்றால் பலகை மட்டும் வைத்தால் ஆட்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். இரண்டு நுனியிலும் பத்துப் பதினைந்து அடிக்கு, பழைய தடம் கண்ணுக்கே தெரியாதபடி, வெட்டிய கிளைகளைக் குறுக்கே போடுங்கள். தடம் முழுக்கப் புல் மூடும்வரை அந்தக் கிளைகளை எடுக்க வேண்டாம்.