பாலைவனத்தில் ஒரு பொய்த் தீவு: பாம் ஸ்பிரிங்ஸில் ஷாக் ஓவியங்கள்

ஆகஸ்ட் மாதம், பாலைவனம், ஜன்னல் திறக்க முடியாத பஸ், அதில் வேலை செய்யாத ஏ.சி. விஷயம் இவ்வளவுதான். ஆனாலும் விரித்துச் சொல்லாமல் என் கோபம் தீராது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாம் ஸ்பிரிங்ஸ் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். எங்கள் பஸ் கிளம்பவே ஒன்றரை மணி நேரம் தாமதம். ஏ.சி.யைப் பற்றிக் கேட்டால், "வண்டி ஓட ஆரம்பித்தால் குளிர்ந்துவிடும்" என்றார் ஓட்டுநர். ஓட ஆரம்பித்தது, குளிரவில்லை. சான் கொர்கோனியோ கணவாயில் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. அத்தனை காற்றையும் கண்ணாடிக்கு வெளியே வேடிக்கை பார்த்தபடி வெந்தோம். இறங்கியதும் ஒரு டாக்ஸிக்காரர் மீட்டர் போடாமல் 40 டாலர் கேட்டார். சண்டை போட்டு 30-க்குக் கொண்டுவந்தேன். போய்ச் சேர்ந்தபோது அது பத்து நிமிட தூரம்கூட இல்லை. ரூபாயில் பெருக்கிப் பார்த்து வயிற்றெரிச்சல்பட்டுக்கொண்டேன்.

போகும் வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் உத்தேசம். ஆனால் வடக்கு பாம் கேன்யன் சாலையில் இருக்கும் அந்தக் கடையைப் பற்றிச் சொல்லாமல் கை நகர மறுக்கிறது. ஷாக் என்ற பெயரில் வரையும் ஜோஷ் ஏகிளின் கடை அது. 1962-ல் பிறந்த கலிபோர்னியாக்காரர். அவர் வரைவதெல்லாம் அவர் பிறந்த காலத்து விருந்துகள்: ஒல்லிக் கால் நாற்காலிகள், கையில் மதுக் கோப்பையோடு நீள உடைப் பெண்கள், ஒரு கறுப்புப் பூனை, மூலையில் பல்லைக் காட்டும் டிக்கி சிலை, அதாவது பசிபிக் தீவுத் தெய்வங்களின் சாயலில் செய்த உருவம். நிழல், மெருகு எதுவும் கிடையாது. தட்டையான வண்ணங்கள், கத்தியால் வெட்டியதுபோன்ற விளிம்புகள்.

கடையில் விற்பவற்றில் பெரும்பாலானவை திரை அச்சுப் பிரதிகள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை. ஒன்றைப் பக்கவாட்டிலிருந்து, மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். ஆரஞ்சின்மேல் கறுப்பு ஏறும் இடத்தில் மை மயிரிழை அளவு மேடிட்டிருந்தது. புத்தகத்திலும் கைபேசியிலும் இது தெரியவே தெரியாது. இன்னொன்றும் நேரில்தான் உறைத்தது: அந்த விருந்துகளில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே அரைத்தூக்கப் பார்வை. முகத்தில் உணர்ச்சி இருப்பது டிக்கி சிலைக்கு மட்டும். இவற்றை வரவேற்பறை அலங்காரம் என்று ஒதுக்குபவர்கள் சரியாகப் பார்க்கவில்லை என்பேன்.

டிக்கி பாணியே பெரிய புளுகு என்பது வேறு விஷயம். நியூசிலாந்தின் மாவோரி சிற்பம், ராப்பா நுய் (ஈஸ்டர்) தீவின் மோவாய் சிலை, ஹவாய்ப் பூமாலை எல்லாவற்றையும் ஒரே அறையில் கொட்டி 'தென் கடல்' என்று பெயர் வைத்தார்கள். 1930-களில் ஹாலிவுட்டில் டான் தி பீச்கோம்பர் என்ற விடுதிக்காரர் ஆரம்பித்துவைத்த மது விடுதி மோகம் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பசிபிக்கிலிருந்து திரும்பிய சிப்பாய்களால் பெருகி, 1963-ல் டிஸ்னிலேண்டில் பாடும் பொம்மைப் பறவைகளோடு தனி அரங்கே வந்துவிட்டது. அதன் 40-ஆம் ஆண்டுக்குப் படம் வரைந்தவரும் ஷாக்தான். பசிபிக் தீவுக்காரர்களுக்கு இதில் கோபம் இருப்பது நியாயமே. அவர்களுடைய தெய்வம் இங்கே குடிக்கிற குவளை.

இந்தப் புளுகைத் தோளில் சுமந்த உழைப்பாளிகள் பலர் பிலிப்பைன்ஸ்காரர்கள். டானின் விடுதியில் மது கலக்கிய ரே புஹென், 1961-ல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் பூல்வார்டில் டிக்கி-டி என்ற சொந்த விடுதியைத் திறந்தார். இன்றும் அவர் குடும்பம்தான் நடத்துகிறது. ஒரு படுக்கையறையைவிடச் சற்றே பெரிய இடம், கூரை தெரியாமல் தொங்கும் சாமான்கள். பாம் ஸ்பிரிங்ஸில் செயற்கை அருவியோடு பார்த்த பகட்டு விடுதிகள் எதுவும் இதன் கால்தூசிக்கு ஈடாகாது.

செலவுக் கணக்குக்கு வருகிறேன். ஷாக்கின் அச்சுப் பிரதிகள் நூற்றுக்கணக்கான டாலர். மூல ஓவியத்தின் விலையைக் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அஞ்சலட்டைகள் வாங்கிக்கொண்டு வெளியேறினேன். மிச்சப்பட்ட காசில் பேரீச்சம்பழ ஷேக் குடித்தேன், இரண்டு முறை. அமெரிக்கப் பேரீச்சையில் பெரும்பகுதி பாம் ஸ்பிரிங்ஸ் இருக்கும் இந்தக் கோச்செல்லா பள்ளத்தாக்கில்தான் விளைகிறது. பழத்தைப் பாலும் வெனிலா ஐஸ்கிரீமும் சேர்த்து அடிக்கிறார்கள். நார் நாராகப் பழம் ஸ்ட்ராவில் சிக்குகிறது. அன்று எனக்கு மதியச் சாப்பாடே அதுதான். குறையே இல்லை.

தங்க நினைப்பவர்களுக்கு: கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டும், அதனால் அறைகள் மலிவு. 1964-ல் கட்டிய காலியென்டே டிராபிக்ஸ் என்ற டிக்கி பாணி ஓட்டலை வெளியிலிருந்தாவது பாருங்கள். பிப்ரவரியில், இருபதாம் நூற்றாண்டு நடுப்பகுதிக் கட்டடக்கலையைக் கொண்டாடும் மாடர்னிசம் வாரம் நடக்கும். பழைய வீடுகளைத் திறந்து காட்டுவார்கள், வானிலை சொர்க்கம். அறை வாடகையோ எகிறிப்போய் நிற்கும். கடன் அட்டையை நம்பிக் கிளம்புபவர்கள் பிப்ரவரியில் போகட்டும். மற்றவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே போய் வாருங்கள்.