தை மாசத்து மாங்காய்

எங்கள் இங்கிலீஷ் சார் நடத்தியதில் பாதி மறந்துவிட்டது, ஆனால் ஃப்ளிம்ஸி என்ற ஒரு சொல் மட்டும் கடல் தாண்டியும் கூடவே வந்திருக்கிறது. அப்போது கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தோடுதான் இருந்தது, 2004இல்தான் பிரித்தார்கள், எங்கள் வயதை அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல் லீவு முடிந்து முதல் நாள். என் நோட்டு காலி. ஏன்டா எழுதவில்லை என்று கேட்டார், தோப்பில் மாங்காய் பறிக்கப் போய்விட்டேன் சார் என்றேன். வகுப்பில் முக்கால்வாசி தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "தை மாசத்துல எந்த மரத்துலடா காய் இருக்கு? இப்பத்தானே பூ விட்டிருக்கு!" என்றவர், போர்டில் பெரிதாக எழுதினார்: ஃப்ளிம்ஸி எக்ஸ்க்யூஸ். பக்கத்திலேயே தமிழில், சப்பைக்கட்டு.

அகராதியைப் புரட்டினால் 'மெல்லிய' என்று போட்டிருந்தது. அதை நம்பி அடுத்த வாரமே அக்காவின் கல்யாணப் பட்டுப்புடவையை ஃப்ளிம்ஸி என்று கட்டுரையில் புகழ்ந்து வைத்தேன். "உங்க அக்கா கண்ணுல இது பட்டுடப் போகுது" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அப்புறம் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: மல்லிகை இதழும் மெல்லிசுதான், அதை யாரும் குறை சொல்வதில்லை. சந்தையில் ரெண்டு கிலோ புளி வாங்கி, பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் பையின் காது பிய்ந்து புளி ரோட்டில் கிடந்தால், அந்தப் பை ஃப்ளிம்ஸி. தாங்க வேண்டியதைத் தாங்காததற்குத்தான் அந்தப் பெயர். துணிக்கும் அட்டைப்பெட்டிக்கும் சொல்லலாம், கோர்ட்டில் நிற்காத சாட்சியத்துக்கும் சொல்லலாம்.

டைப்ரைட்டிங் காலத்தில் கார்பனுக்கு அடியில் வைக்கும் வெங்காயத்தோல் மாதிரித் தாளுக்கும் ஆங்கிலத்தில் ஃப்ளிம்ஸி என்றே பெயர். இரண்டாம் உலகப்போரில், வட ஆப்பிரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் தங்கள் பெட்ரோல் டின்னுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள், அவ்வளவு ஒழுகல். கடைசியில் ஜெர்மன்காரன் கேனைப் பார்த்து அதே மாதிரி செய்துகொண்டார்கள், ஜெர்ரிகேன் என்கிறோமே, அதுதான்.

இந்தக் கட்டுரையையும் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். லேப்டாப் ரிப்பேர், ஆபீஸில் ஆடிட், இப்படி ஏதேதோ சொன்னேன். இந்தக் கட்டுரை வரும் சிறப்பு மலரின் குழுவில் இருப்பவன் பள்ளியில் என் பெஞ்சுக்காரன். பதிலுக்கு ஒரே வரி அனுப்பினான்: "ஏன்டா, மரத்துல இப்பத்தான் பூ விட்டிருக்கா?"