ஆல்ட்டோவும் பதினெட்டாயிரம் ரூபாயும்

கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதுவது என் தொழில். பற்றுச்சீட்டில் 2 ரூபாய் பிழைத்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். அப்படிப்பட்ட நான், சொந்தக் காரின் காப்புறுதிப் பத்திரத்தை ஒழுங்காகப் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

கார் 2012ஆம் ஆண்டு மாருதி ஆல்ட்டோ. வாங்கிய நாள் முதல் ஒரு பெரிய நிறுவனத்தில்தான் முழுக் காப்புறுதி. 2024இல் புதுப்பிக்கச் சொல்லி 62,000 ரூபாய்க்குக் கடிதம் வந்தது. மனைவியின் தம்பி ஒரு சிறிய நிறுவனத்தின் முகவர். "அத்தான், 44,000க்கு முடித்துத் தருகிறேன்" என்றார். இத்தனை வருடம் இழப்பீடு எதுவும் கேட்கவில்லை என்று பழைய இடத்தில் கடிதம் வாங்கிக் கொடுத்ததும், அதற்கான கழிவும் அப்படியே கூட வந்துவிட்டது.

மனைவிக்கு ஒரே பயம்: சின்ன நிறுவனம், நாளைக்கு மூடிவிட்டால்? நான் ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். எல்லோருக்கும் அனுமதி கொடுப்பது ஒரே ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. 2016 முதல் நிறுவனங்கள் தாங்கும் ஆபத்துக்கு ஏற்ற மூலதனத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். கலவரம், வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கான காப்போ, எங்கே எடுத்தாலும் அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குத்தான் போய்ச் சேரும். (1983 ஜூலையில் அப்பாவின் மொரிஸ் மைனர் எரிந்ததைப் பார்த்தவன் என்பதால் பத்திரத்தில் நான் முதலில் தேடுவது அந்த வரியைத்தான். அது இருந்தது.) சொற்பொழிவில் பிழை இல்லை.

ஒக்டோபரில் ஒரு மழை மாலை. வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே, காலி வீதியில் முன்னால் போன ஓட்டோ சட்டென்று நின்றது. என் ஆல்ட்டோ நிற்கவில்லை. பம்பர், ஒரு விளக்கு, ரேடியேட்டர். சேதத்தைப் பார்க்க நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் கடவத்தையிலிருந்து வந்து சேர ஒரு மணி நாற்பது நிமிடம். அதுவரை பின்னால் ஹோர்ன் சத்தம். பொலிஸ்காரர் இரண்டு தடவை வந்து காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். இதே வீதியில் எங்கள் மேல்மாடிக்காரர் மோதியபோது, பெரிய நிறுவனத்தின் ஆள் இருபது நிமிடத்தில் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

விளக்கைப் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடித்தோம். கராஜ் கணக்கு 96,000. வந்த காசோலை 60,000.

கோபத்தோடு தொலைபேசி எடுத்தேன். நியாயமாகச் சொல்ல வேண்டும், முகாமையாளரே பேசினார். அந்தப் பெரிய இடத்தில் இது நடக்காது. "ஐயா, காரின் பெறுமதி 15 லட்சம் என்று போட்டிருக்கிறீர்கள். சந்தையில் 24 லட்சம் போகிறது" என்றார். மேலே சொல்லத் தேவையிருக்கவில்லை. 24க்கு 15 என்றால் நூற்றுக்கு அறுபத்திரண்டரை. பெறுமதியை எவ்வளவு குறைத்துப் போடுகிறோமோ, இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களின் விலை ஏறியது ஊருக்கே தெரியும். பெரிய நிறுவனத்தின் கடிதத்தில் 24 லட்சம்தான் இருந்தது. மலிவாக இருந்தது நிறுவனம் அல்ல, என் கார்.

மைத்துனரிடம் கேட்டேன். "கட்டுப்பணம் குறைய வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அத்தான்?" சொன்னேன்தான்.

அடுத்த முறை இரண்டு இடத்திலும் ஒரே பெறுமதிக்கு விலை கேட்டேன். இழப்பீடு வாங்கியதால் கழிவு குறைந்து இரண்டுமே ஏறியிருந்தன: பெரியது 71,000, சிறியது 68,500. பதினெட்டாயிரம் என்று நான் மயங்கிய வித்தியாசம் இரண்டாயிரத்து ஐந்நூறாகச் சுருங்கிவிட்டது. தினமும் காலி வீதியில் ஓடுகிறவன் நான். அந்தக் காசுக்கு மழையில் ஒன்றேமுக்கால் மணி நேரம் நிற்க முடியாது. பெரிய நிறுவனத்துக்கே திரும்பினேன்.

மைத்துனர் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாமனாரின் கார் வெள்ளிக்கிழமை பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலுக்குப் போய் வருவதோடு சரி. அதன் காப்புறுதியை மைத்துனரிடமே கொடுத்தோம். பெறுமதி எழுதும் கட்டத்தை மட்டும் நான் நிரப்பினேன்.