ஒரே ஆள், நான்கு ஜெர்சி

சென்னையில் உட்கார்ந்துகொண்டு ரக்பி ஆட்டங்களுக்கு டேக் போடும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: வீடியோ ஓடும்போது ஒவ்வொரு பாஸ், ஒவ்வொரு டாக்கிள் (பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவது), ஒவ்வொரு கிக், ரக்கில் (தரையில் கிடக்கும் பந்துக்காக இரு அணியும் முட்டித் தள்ளும் குவியலில்) முதலில் நுழைந்தது யார், பந்தைக் கைவிட்டது யார் என்று எல்லாவற்றையும் ஆள் பெயரோடும் நேரத்தோடும் குறிக்க வேண்டும். சிட்னியில் இரவு ஆட்டம் என்றால் நமக்கு மதியம், ஐரோப்பா என்றால் நள்ளிரவைத் தாண்டும். 80 நிமிட ஆட்டத்தில் பந்து உண்மையில் விளையாட்டில் இருப்பது 35 நிமிடம் போலத்தான், ஆனால் அதைக் குறித்துச் சரிபார்த்து முடிப்பதற்குள் ஒரு ஷிப்ட் போய்விடும்.

அந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் ஆடம் ஆஷ்லி-கூப்பர். ஆஸ்திரேலியாவுக்காக 121 டெஸ்ட் ஆடியவர் (ரக்பியில் நாட்டு அணிகள் மோதும் ஆட்டத்துக்குத்தான் டெஸ்ட் என்று பெயர்), 2007, 2011, 2015, 2019 என நான்கு உலகக் கோப்பைகளில் இருந்தவர். ஆனால் ஆஸ்திரேலியாவின் சிறந்த பேக்குகளை, அதாவது பின்னால் நின்று ஆடுபவர்களை, சொல்லச் சொன்னால் டேவிட் கேம்பீஸ், டிம் ஹோரன், ஜார்ஜ் கிரெகன், ஸ்டீபன் லார்க்கம் என்று போவார்கள், இவர் பெயர் வர நேரமாகும். வரும்போதும் எங்கே விட்டாலும் ஆடுவார் என்ற ஒரே வரியோடு வரும். அங்கே பத்திரிகைகளில் அவருக்கு இருந்த பட்டமே மிஸ்டர் வெர்சடைல். பாராட்டாகத்தான் சொன்னார்கள், சந்தேகமில்லை. எனக்கு அந்தப் பாராட்டு போதாது என்று தோன்றியது, அவர் ஆட்டங்களைக் குறிக்கக் குறிக்க அது கூடிக்கொண்டே போனது.

ரக்பி யூனியன் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். தோனி என்றால் 7, எங்கே இறங்கினாலும் 7. ரக்பி யூனியனில் அப்படிக் கிடையாது, எண் இடத்தைச் சேர்ந்தது. 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள், ஸ்க்ரம்மில், அதாவது இரு அணியும் கோத்துக்கொண்டு பந்துக்காகத் தள்ளும் இடத்தில், தள்ளுகிறவர்கள். 9 முதல் 15 வரை பேக்குகள். 12 இன்சைடு சென்டர், 13 அவுட்சைடு சென்டர், 11ம் 14ம் விங், 15 ஃபுல்பேக். ஆஷ்லி-கூப்பர் சென்டரிலும், இரண்டு விங்கிலும், ஃபுல்பேக்காகவும் டெஸ்ட் ஆடியிருக்கிறார், அதுவும் ஆள் கிடைக்காத நாளில் ஒட்டுப்போட வந்தவராக இல்லாமல், முதல் பதினைந்தில் ஒருவராக.

2011 உலகக் கோப்பையில் அடுத்தடுத்த இரண்டு வாரம் இருக்கிறது, பழைய பதிவுகளைக் குறிக்கும் வேலை வந்தபோது அந்த இரண்டு ஆட்டங்களும் என்னிடம் வந்தன. அக்டோபர் 9, வெலிங்டன், தென்னாப்பிரிக்காவோடு கால் இறுதி. பந்தும் இடமும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்கா கையில்தான், ஆஸ்திரேலியா ஆட்டம் முழுக்க டாக்கிள் செய்தே பிழைத்து 11-9 என்று வென்றது. டேவிட் போகாக் ரக்குகளில் செய்ததை எல்லோரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். ஆஷ்லி-கூப்பர் அன்று 13. அப்புறம் 15ல் ஆடிய கர்ட்லி பீலுக்குத் தொடைத் தசையில் காயம். அக்டோபர் 16, ஆக்லாந்து ஈடன் பார்க், நியூசிலாந்தோடு அரை இறுதி, ஆஷ்லி-கூப்பர் 15. 13ல் ஆன்டனி ஃபைங்கா. ஆஸ்திரேலியா 20-6 என்று தோற்றது.

13லிருந்து 15க்கு ஒரே வாரத்தில் போவது என்றால் என்ன என்று ஸ்கோரைப் பார்த்தால் தெரியாது. தடுப்பில் 13தான் மிகக் கடினமான இடம் என்று பயிற்சியாளர்கள் பலர் சொல்வார்கள், குறித்துப் பார்த்தவன் என்ற முறையில் நானும் அதையே சொல்வேன். எதிரணி பந்தை அகலமாக நகர்த்தும்போது, மேலேறிப் போய் அடைப்பதா, பின்வாங்கி வெளிப்பக்கம் சரிவதா என்று ஒரு நொடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும், அவருக்கு வெளியே நிற்கும் விங் அவர் எடுத்த முடிவை நம்பித்தான் கால் வைப்பார், அது பிசகினால் டிரைதான், அதாவது எதிரணி நம் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுத்துவிடும். முகத்துக்கு நேரே ஆட்கள், எல்லாம் மிக அருகில், மிக வேகமாக. 15ல் நிலைமை வேறு. பின்னால் தனியாக நிற்க வேண்டும், முழு மைதானமும் கண்முன் விரிந்திருக்கும், எதிரணி உதைப்பதற்கு முன்பே பந்து எங்கே விழும் என்று கணித்து நகர்ந்திருக்க வேண்டும், இரண்டு விங்கையும் குரல் கொடுத்து இடம் மாற்ற வேண்டும். உயரப் பந்து இறங்கும்போது பார்வை மேலே இருக்கும், மூன்று பேர் ஓடி வரும் சத்தம் மட்டும் காதில் கேட்கும். முந்தின வாரம் முழுக்க அருகில் பார்த்துப் பழகிய கண்ணை இந்த வாரம் தூரத்துக்கு மாற்ற வேண்டும், அதுவும் ஈடன் பார்க்கில், ஆல் பிளாக்ஸ் என்ற நியூசிலாந்து அணிக்கு எதிராக, உலகக் கோப்பை அரை இறுதியில்.

இதில் இன்னொரு சிக்கல், ஃபுல்பேக்கின் வேலையில் பாதி டிவி படத்தில் வராது. கேமரா பந்தின் பின்னால் போகும், அவர் படச் சட்டத்துக்கு வெளியே நிற்பார். அகலக் கோணப் பதிவு கிடைத்தால்தான் அவர் எங்கே நின்றார், எப்போது நகர ஆரம்பித்தார் என்று தெரியும். எங்களுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. ஆக, அவர் சரியாக நின்றதால் எதிரணி உதைக்காமல் விட்ட கிக்குகளைக் குறிக்க எங்களிடம் பொத்தானே இல்லை.

பயிற்சி வாரத்தையும் யோசித்துப் பாருங்கள். டெஸ்ட் வாரத்தில் முழு வேகத்தில் பழகக் கிடைக்கும் நேரம் குறைவு, உடம்பு தாங்காது. பேக்குகள் ஒரு மூவ் வைத்திருந்தால் அதே மூவில் 12க்கு ஓர் ஓட்டக் கோடு, 13க்கு வேறு, 15 எங்கிருந்து எந்த நொடியில் நுழைய வேண்டும் என்பது வேறு. ஒரே இடத்தில் ஆடுபவர் தன் கோட்டை மட்டும் உடம்பில் ஏற்றினால் போதும். எப்போது வேண்டுமானாலும் நகர்த்தப்படக்கூடியவர் எல்லாவற்றையும் தலையில் வைத்திருக்க வேண்டும், பழகக் கிடைப்பதோ இந்த வாரம் அவர் பெயர் எழுதியிருக்கும் இடத்துக்கு மட்டும்.

இப்போது எங்கள் தரவுத்தளத்துக்கு வருகிறேன். யார் சிறந்த 13 என்று தேடினால் அது இடத்தை வைத்து வடிகட்டும். பத்து வருடம் 13ல் மட்டும் நின்றவருக்கு எல்லா எண்ணிக்கையும் ஒரே வரியில் திரண்டிருக்கும். ஆஷ்லி-கூப்பரை அது பிரித்துப் போட்டுவிடும், 13ல் கொஞ்சம், 14ல் கொஞ்சம், 15ல் கொஞ்சம், எந்தப் பட்டியலிலும் மேலே வரமாட்டார். 121 டெஸ்ட் ஆடிய மனிதர், எந்த வடிகட்டியில் தேடினாலும் பாதி ஆளாகவே தெரிகிறார். எனக்கு இது உண்மையாகவே வலித்தது. அவரை நகர்த்தியதால் பயன் பெற்றது அணி, பீலோ வேறு யாரோ காயம்பட்டால் அணி குலையாமல் நின்றது, அதற்கான விலையை அவர் தன் கணக்கிலிருந்து கொடுத்தார்.

எங்கள் ஃப்ளோரிலேயே ஓர் அக்கா இருந்தார். கால்பந்து, ரக்பி, டென்னிஸ், கபடி எல்லாம் குறிப்பார், எந்த ஷிப்டில் ஆள் குறைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்ரைசல் விளையாட்டு வாரியாக நடக்கும், ஒவ்வொரு லீடும் அவர் எங்களிடம் கொஞ்ச நாள்தானே இருந்தார் என்று நடுத்தர மதிப்பெண் போடுவார். "தம்பி, நீ ரக்பி மட்டும் பண்ற. நல்லா பண்ணா உன் பேர்ல நிக்கும். நான் பண்றது எதுல நிக்கும் சொல்லு" என்று ஒருமுறை கேட்டார். அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்த நிறுவனத்தின் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பது காரணமே ஆகாது, கட்டம் போடுகிறவர்களும் மனிதர்கள்தானே.

எல்லாம் ஆடத் தெரிந்தவருக்கு இதைவிட மோசமான முடிவும் வரலாம். இங்கிலாந்தின் ஆஸ்டின் ஹீலி ஸ்க்ரம்-ஹாஃப் (9), ஃப்ளை-ஹாஃப் (10), விங், ஃபுல்பேக் என்று எல்லாம் ஆடியவர். 2001ல் ஐரோப்பிய கிளப்புகளின் ஹைனெக்கன் கோப்பை இறுதிப் போட்டி பாரிஸில், அந்த ஊர் கிளப்பான ஸ்டாட் ஃப்ரான்சேயோடு. இங்கிலாந்து கிளப்பான லெஸ்டருக்கு 9ஆக ஆரம்பித்த ஹீலி கடைசியில் 10க்கு நகர்ந்தார், அங்கிருந்து தடுப்பைப் பிளந்து ஓடி தன் அணியின் லியான் லாய்டு டிரை போட வழி திறந்தார், லெஸ்டர் 34-30 என்று கோப்பையை எடுத்தது. அப்படிப்பட்டவர் 2003 உலகக் கோப்பை அணியில் இல்லை. அதே 2003ல் இங்கிலாந்தின் மைக் கேட்டுக்கு நேர்மாறாக நடந்தது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்ப அழைக்கப்பட்டவர், பிரிஸ்பேனில் வேல்ஸோடு கால் இறுதியில் 10-3 என்று இங்கிலாந்து பின்தங்கியிருந்தபோது இடைவேளையில் உள்ளே வந்தார். மைக் டிண்டல் விங்குக்குப் போனார், கேட் 12ல் நின்று ஜானி வில்கின்சன் தோளில் இருந்த பாரத்தை வாங்கிக்கொண்டு உதைத்தும் பாஸ் செய்தும் ஆட்டத்தைத் திருப்பினார், 28-17. அடுத்து அரை இறுதியில் முதல் பதினைந்தில் ஆடினார், இறுதிப் போட்டியில் திரும்பவும் பெஞ்ச். கடைசி நிமிடங்களில் இறங்கி, பந்தை வெளியே உதைத்து ஆட்டத்தை முடித்து வைத்ததும் அவர்தான். நான்கே வருடத்தில், 2007ல், 36 வயதில் இன்னொரு உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் 12 அணிந்து ஆடினார். இரண்டு பேருக்கும் திறமையில் குறையில்லை, ஆனால் ஒருவரைப் பயிற்சியாளர் தேவை என்று பார்த்தார், இன்னொருவரைத் தேவைப்பட்டால் பார்க்கலாம் என்று பார்த்தார். பல இடம் தெரிந்தவரின் வேலை வாழ்க்கை மற்றவர்களைவிட இந்தப் பார்வையை அதிகம் நம்பி நிற்கிறது.

இப்போது பயிற்சியாளர்கள் பல இடம் ஆடுபவர்களின் அருமையை உணர்ந்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. 23 பேர் அணியில் 8 பேர் பெஞ்ச், வழக்கமாக ஐந்து ஃபார்வர்டு, மூன்று பேக். தென்னாப்பிரிக்கா 2019ல் அதை ஆறு-இரண்டு ஆக்கியது, அந்த இரண்டில் ஒருவர் ஃப்ரான்ஸ் ஸ்டெய்ன், 2007லும் கோப்பை வென்றவர். 2023 இறுதிப் போட்டியில் ஏழு-ஒன்று. பெஞ்சில் இருந்த ஒரே பேக் வில்லி லெ ரூ. முன்வரிசையில் ஏழு புது ஆட்களை இறக்கி எதிரணியை நசுக்கும் அந்தத் திட்டம், பின்வரிசையில் எந்த ஓட்டை விழுந்தாலும் மற்றவர்கள் நகர்ந்து அடைப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது. அதைப் பற்றிய பேச்சு முழுக்க ஃபார்வர்டுகளின் பலத்தைப் பற்றியே ஓடியது, அந்த நம்பிக்கையைச் சுமந்த பேக்குகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை.

ஆஷ்லி-கூப்பர் கடைசிவரை நகர்ந்துகொண்டே இருந்தார். 2015 உலகக் கோப்பை அரை இறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக 14ல் மூன்று டிரை. மூன்றாவதில் ட்ரூ மிட்செல் மைதானத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஓடியதைத்தான் எல்லோரும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். ஓட்டத்தின் முடிவில் பாஸ் வாங்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தார், இருப்பார் என்று மிட்செலுக்குத் தெரியும். அப்புறம் பிரான்ஸில் போர்டோ, ஜப்பானில் கோபே, திரும்ப சிட்னி, 35 வயதில் நான்காவது உலகக் கோப்பை, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் கில்டினிஸ். 2021ல் பட்டம் வென்ற அந்த அணியில் மேட் கிட்டோவும் இருந்தார், அவரும் 9, 10, 12 என்று மூன்று இடத்திலும் ஆடியவர்.

அந்தக் காலத்து ஆஸ்திரேலிய அணி ஒன்றை எழுதித் தரச் சொன்னால் நான் 13ல் ஆஷ்லி-கூப்பரை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குப் போவேன். 14 என்று வாதாடுபவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு 2014ல் கிளப் அணிகள் மோதும் சூப்பர் ரக்பி தொடரின் இறுதிப் போட்டியைப் போட்டுக் காட்டுவேன். ஆஷ்லி-கூப்பரின் சிட்னி அணியான வாராட்டாஸும் நியூசிலாந்தின் க்ரூசேடர்ஸும், சிட்னியில் அறுபதாயிரம் பேருக்கு மேல் கூட்டம், 33-32, கடைசி நேரத்தில் நீண்ட தூர பெனால்டியை உதைத்து வென்று கொடுத்தது பெர்னார்ட் ஃபோலி. அந்த சீசனில் கிளப்பில் ஆஷ்லி-கூப்பரை 13ல் விட்டு வைத்திருந்தார்கள். இறுதிப் போட்டியில் அவர் போட்டது இரண்டு டிரை.