சாஃப்ட் டிப் போட்டால் ஸ்பின் கூடுமா?

கூடாது. பூல் மேசையில் பந்தை அடிக்கும் கோல்தான் கியூ, அதன் முனையில் ஒட்டியிருக்கும் சிறு தோல் வில்லைதான் டிப். பூல் ஆடுபவர்கள் நடுவே "சாஃப்ட் டிப் பந்தைக் கவ்விப் பிடிக்கும், அதனால் ஸ்பின் அதிகம்" என்ற பேச்சு அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அதை நம்பிக் காசைக் கொட்டுகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஸ்பின்னைத் தீர்மானிப்பது, வெள்ளைப் பந்தின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி டிப் படுகிறது என்பதுதான்.

பூல் பந்தின் விட்டம் 57.15 மி.மீ., ஆரம் ஏறக்குறைய 28.6. அதில் பாதி, அதாவது நடுவிலிருந்து சுமார் 14 மி.மீ. வரைதான் நமக்கு இடம். அதைத் தாண்டினால் எந்த டிப்பும் வழுக்கும், அடி பிசகிப்போகும், அதுதான் மிஸ்கியூ. அந்த எல்லைக்குள், வழுக்காமலிருக்க டிப்பில் பூசும் சாக்கை ஒழுங்காகத் தேய்த்திருந்தால், சாஃப்டும் வழுக்காது, ஹார்டும் வழுக்காது. வழுக்காத இரண்டு டிப் ஒரே இடத்தில் பட்டால், வேகத்துக்கு ஏற்ற ஸ்பின் இரண்டிலும் ஒன்றுதான். டிப்பும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதே ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். சாஃப்டில் கொஞ்சம் கூடுதல், ஹார்டில் கொஞ்சம் குறைவு. கை அதிர்வை உணர்வதற்குள் பந்து போய்விட்டிருக்கும்.

பிறகு ஏன் எல்லோருக்கும் அப்படித் தோன்றுகிறது? சாஃப்ட் தோல் சாக்கை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் ஆடுபவர் பயமில்லாமல் ஓரம் தள்ளி அடிக்கிறார், ஸ்பின் வருகிறது. பெருமை உண்மையில் சாக்குக்குச் சேர வேண்டும். பெயர்தான் சாக், பலகையில் எழுதும் சுண்ணாம்பு அல்ல. 1897-இல் வில்லியம் ஸ்பிங்ஸ், வில்லியம் ஹாஸ்கின்ஸ் இருவரும் காப்புரிமை வாங்கிய சிலிகா கலவையின் வழிவந்தது அது. ஹார்ட் டிப் வைத்திருப்பவர் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னால் அதைப் பூசிக்கொண்டால் அதே துணிச்சல் அவருக்கும் வரும்.

டிப்பின் வளைவு இதைவிட முக்கியம். கடைகளில் 'நிக்கல்', 'டைம்' என்பார்கள், அமெரிக்க நாணயங்களின் வளைவு. நிக்கலின் விட்டம் 21.2 மி.மீ., நம் புதிய ஒரு ரூபாய் நாணயமும் ஏறக்குறைய அதே அளவு. டைம் 17.9. கியூவை நடுவிலிருந்து 15 மி.மீ. தள்ளிக் குறி வைத்தால், டைம் வளைவில் டிப் பந்தைத் தொடும் இடம் 11.4 மி.மீ. தள்ளி இருக்கும், நிக்கலில் 10.9. டிப் தட்டையாகி அதன் ஆரம் 15 மி.மீ. ஆகிவிட்டால் 9.8 தான். அதே குறிக்கு ஸ்பின் குறைந்துவிடுகிறது. சீக்கிரம் தட்டையாவது சாஃப்ட் டிப். ஆக, ஸ்பின்னுக்காக வாங்கிய சாஃப்ட் டிப்பை வாராவாரம் ஷேப்பரில் (வளைவைத் தேய்த்து மீட்கும் கருவி) சரிசெய்யாவிட்டால், அது ஸ்பின்னைக் கெடுக்கத்தான் செய்யும்.

கடினம் உண்மையில் மாற்றுவது வேகத்தை. சாஃப்ட் தோல் அமுங்கும்போது அடியின் சக்தியில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஹார்ட் டிப்பில் அதே கை வீச்சுக்குப் பந்து கூடுதல் வேகமாகப் போகும். ஆட்டத்தைத் தொடங்கும் பிரேக் கியூவிலும் பந்தைத் துள்ள வைக்கும் ஜம்ப் கியூவிலும் மிகக் கெட்டியான தோலோ ஃபினாலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கோ போடுவது இதனால்தான். டிப்பை மாற்றினால் முதல் சில நாள் வெள்ளைப் பந்து நினைத்த இடத்தில் நிற்காததற்கும் காரணம் இதுவே. பந்து விலகிப் போவதை, அதாவது டிஃப்லெக்‌ஷனை, டிப்பின் தலையில் கட்டாதீர்கள். அது கியூவின் முன்தண்டான ஷாஃப்டின் முனை எடையைச் சார்ந்தது.

வாங்கும்போது ஒரு சிக்கல்: சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொன்றின் ஹார்டாக இருக்கும். மூரி என்ற கம்பெனி தன் டிப்புகளை ஸ்லோ, மீடியம், குயிக் என்றே பிரிக்கிறது. எல்க் மாஸ்டர் போன்ற ஒற்றைத் தோல் டிப்புகள் மலிவு, ஆனால் ஒரே பெட்டியிலேயே ஒன்று மெத்தென்றும் ஒன்று கெட்டியாகவும் வரும். அதனால் சிலர் அதைப் பாலில் ஊறவைத்து, கிளாம்ப்பில் நசுக்கி, சில நாள் காயவைத்து ஒட்டுவார்கள். அமுங்க வேண்டியது முன்பே அமுங்கிவிடும். மெல்லிய தோல்களை அடுக்கி ஒட்டிய கமுய், மூரி போன்ற அடுக்கு டிப்புகளில் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு, விலைதான் கூடுதல்.

ஒட்டும்போது நடக்கும் தவறுகளே கடினத்தை மாற்றிவிடும். பழைய டிப்பை பிளேடால் சீவி எடுத்த பிறகு, டிப்புக்கு அடியில் கியூ முனையில் இருக்கும் வளையமான ஃபெருலின் மேல்முகத்தில் பழைய பசை துளியும் இருக்கக் கூடாது. அதே சமயம் முகம் மழுங்காமல் தட்டையாக இருக்க வேண்டும். புது டிப்பின் அடியை 220 நம்பர் எமரி தாளில், சமதளத்தின் மேல் வைத்து வட்டமாகத் தேய்க்கவும். பசை ஜெல் வகை சூப்பர் குளூவாக இருக்கட்டும், ஒரு சிறு துளி போதும். தண்ணீர் மாதிரி ஓடும் பசை சாஃப்ட் தோலுக்குள் ஊறி அடிப்பாகத்தைக் கல்லாக்கிவிடும். டிப் சாஃப்ட், அடி ஹார்ட் என்று ஆகிவிடும், அடிக்கும் உணர்வே மாறிப்போகும். நடுவில் பொருத்தி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, சில மணி நேரம் விடுங்கள். பிறகு கியூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, ஓரத்தில் துருத்துவதை பிளேடால் கீழ்நோக்கி வெட்டவும். கடைசியாகப் பக்கவாட்டை லேசாக ஈரப்படுத்தி, தோல் துண்டால் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். சாஃப்ட் டிப்பில் இதைச் செய்யாவிட்டால் சில ஆட்டங்களிலேயே காளான் மாதிரி விரிந்துவிடும். செய்தாலும் முதல் சில மணி நேர ஆட்டத்துக்குப் பின் கொஞ்சம் விரியும், மறுபடி வெட்டிவிடுங்கள்.

ஹார்ட் டிப்பின் நோய் வேறு: மேல்பரப்பு கண்ணாடிபோல் ஆகி சாக் ஒட்டாது. எமரியால் தேய்த்தால் உயரம் வீணாகும். முள்முனைகள் கொண்ட டிப் பிக்கால் லேசாகக் குத்தினால் போதும். சாஃப்டை அதேபோல் குத்தினால் நார்நாராகப் பிய்ந்துவிடும்.

வாரம் இரண்டு முறை ஆடி, மற்ற நாள் கியூவை உறையிலிருந்து எடுக்காதவருக்கு மீடியம் அடுக்கு டிப்பைத்தான் சொல்வேன். சாஃப்டும் ஆட ஆட அமுங்கி மீடியத்துக்குத்தான் வந்து சேரும், வழியில்தான் அத்தனை பராமரிப்பு. தினமும் ஷேப்பரைக் கையில் எடுக்கிறவர், மெல்லிய அடிகளில் அந்த மெத்தென்ற உணர்வு பிடித்தவர் சாஃப்ட் போடலாம்.

அடிக்கும்போது வரும் 'டக்' சத்தம் திடீரென்று மந்தமானால், அடுக்கு பிரிந்திருக்கலாம், அல்லது பசை விட்டிருக்கலாம். ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். உயரம் 2 மி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் தள்ளிப்போடாமல் மாற்றிவிடுங்கள். அந்த நிலையில் அடியைத் தாங்குவது தோல் அல்ல, ஃபெருல். அது விரிசல் விட்டால் செலவு டிப்பின் விலையோடு நிற்காது.