அரை மணி நேரம் இறைத்த பிறகு

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் தோட்டம் செய்யும் ஐயா ஒருவர் எங்கள் கருவியைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இறைக்கத் தொடங்கும்போது எந்தக் கிணறும் நல்ல தண்ணீர்தான். அரை மணி நேரம் இறைத்த பிறகு அளந்து பாரும்."

நாங்கள் நான்கு பேர் எட்டு மாதம் மண்டையை உடைத்துச் செய்த கருவி அது. கிணற்று நீரின் சவரை, அதாவது உப்புத்தன்மையை, காலையில் ஒருமுறை அளந்து தோட்டக்காரரின் தொலைபேசிக்கு அனுப்பும். காலையில்! இங்கே சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் ஏறிவரும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அன்றிரவே மென்பொருளை மாற்றினோம்.

இப்படி ஒரு நிறுவனம் வெளியாரின் அறிவை உள்ளே எடுப்பதற்கும், உள்ளே தூங்கும் அறிவை வெளியே விடுவதற்கும் 'திறந்த புத்தாக்கம்' என்று 2003இல் பெயர் வைத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்பரோ. எங்களுக்கு அது கொள்கை அன்று, வறுமை. ஆய்வுகூடம் இல்லாதவன் அயலவன் கிணற்றடிக்குத்தானே போகவேண்டும்.

கொழும்பில் ஒரு பெரிய நிறுவனம் புதிய யோசனைகளுக்கு அழைப்பு விடுத்தது. இரவு பஸ்ஸில் மூன்று முறை போனோம். குளிரூட்டிய அறை, நல்ல தேநீர், ஒவ்வொரு முறையும் புது முகங்கள். நாங்கள் சொல்வது எதுவும் இரகசியமாகக் கொள்ளப்படாது என்று முதல்நாளே கையெழுத்து வாங்கினார்கள். அதில் எனக்குக் கோபமில்லை. அதே வேலையை உள்ளே யாராவது ஏற்கெனவே செய்துகொண்டிருந்தால், நாளை நாங்கள் வழக்குப் போடலாம் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லக்கூடிய ஒருவர் மூன்று முறையும் அந்த அறையில் இல்லை. எங்களிடம் இருந்ததோ ஐந்து மாதச் சம்பளத்துக்கான காசு.

பெரிய இடம் என்றாலே இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. வீட்டுப் பாவனைப் பொருட்கள் செய்யும் அமெரிக்க நிறுவனமான புரொக்டர் அன்ட் கேம்பிள் 2000ஆம் ஆண்டில், புதியவற்றில் பாதியை வெளியிலிருந்து எடுப்பதென்று இலக்கு வைத்தது. பிரிங்கிள்ஸ் என்ற தன் உருளைக்கிழங்குச் சீவலில் படம் அச்சிட வழி தேடியபோது, இத்தாலியின் பொலோனாவில் ஒரு சிறிய வெதுப்பகத்தில் அது கிடைத்தது. அங்கே கேக்கின் மேல் உண்ணக்கூடிய மையால் ஏற்கெனவே அச்சிட்டுக்கொண்டிருந்தார்கள். 2004இல் சீவல் கடைக்கு வந்துவிட்டது. வெளியே தேடுவதையே வேலையாகக் கொண்ட ஆட்கள் அந்த நிறுவனத்தில் இருந்தார்கள். அந்த வெதுப்பகக்காரர் எத்தனை இரவு பஸ் ஏறினார் என்று அறிய எனக்கு ஆசை.

கொழும்பிலிருந்து பதில் இன்னும் வரவில்லை. உரும்பிராய் ஐயா நேற்று அழைத்தார். நீர்வேலியில் வாழை வைத்திருக்கும் மைத்துனருக்கும் ஒன்று வேண்டுமாம், விலையில் ஏதாவது குறைக்க முடியுமா என்று கேட்டார்.