ஒரு சாண் தாழ்ந்திருந்த வளையம்

கூடைப்பந்து லீக்கின் முதல் ஆட்டத்தில் நாங்கள் எறிந்த பந்துகளில் பாதிக்கு மேல் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வந்தன. நுவரெலியாவின் மே மாதக் குளிரில் கை விறைத்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். ஊர் திரும்பிய மறுநாள் காலை எனக்கு மனம் கேட்கவில்லை. தோட்டத்தில் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் நாங்களே நட்டிருந்த கம்பத்தில் ஏணி சாத்தி ஏறி அளந்தேன். வளையம் இருக்க வேண்டிய உயரம் 3.05 மீற்றர். எங்களுடையது 2.82. ஏறக்குறைய ஒரு சாண் குறைவு!

இரண்டு வருடங்களாக அதில்தான் பழகியிருந்தோம். எங்கள் தோளும் மணிக்கட்டும் அந்த உயரத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தன. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரும்பு வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் கம்பத்தை நீட்டி ஒட்டித் தந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதன் பிறகு ஒரு மாதம், மழை விட்ட மாலைகளிலெல்லாம், முழங்காலை மடித்து எழும்பி எறியும் பழக்கத்தை அரிச்சுவடியிலிருந்து தொடங்கினோம். பழகிய கையைத் திருத்துவது புதிதாகப் பழகுவதைவிடக் கடினம்.

லீக்கில் பெயர் பதிந்த கதை சிறியது. 12 பேரின் அடையாள அட்டைப் பிரதி, புகைப்படம், மருத்துவச் சான்றிதழ், நுழைவுக் கட்டணம். சான்றிதழுக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தால் நாட்கூலிக்காரருக்கு அன்றைய பேர் (நாட்சம்பளம்) விழாது. ஆகவே அதைச் சீசனுக்கு முந்திய போயா (பௌர்ணமி) விடுமுறைகளை ஒட்டியே திட்டமிடுங்கள். உடையில் ஒரு விஷயத்தை நாங்கள் அறியாமல் இருந்தோம். அட்டவணையில் முதலில் பெயருள்ள அணி வெளிர் நிறமும், மற்ற அணி கடும் நிறமும் அணிய வேண்டும். எங்களிடம் கரும்பச்சை மட்டுமே இருந்தது. வெள்ளைத் துணி வாங்கி, அட்டனில் அவசரமாகத் தைத்தோம்.

உண்மையான பாடு ஆட்களைச் சேர்ப்பதுதான். எங்கள் 12 பேரில் நான்கு பேர் கொழும்பில் கடை வேலை. இரண்டு பேர் ஸ்டோரில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் சனி இரவே கைப்பேசியோடு உட்கார்ந்துவிடுவேன். யார் பஸ் ஏறினார்கள், யாருக்கு லீவு மறுக்கப்பட்டது என்று கேட்டுக் கேட்டே விடிந்துவிடும். ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் ஐந்து பேர் களத்தில் ஆயத்தமாக நிற்காவிட்டால், 20க்கு 0 என்று எதிரணிக்கு வெற்றி. வென்றால் 2 புள்ளி, தோற்றால் 1, வராமலே விட்டால் 0. விதிப்புத்தகத்தில் இந்த வரியைப் படித்த நாளில் சிவப்புப் பேனாவால் அடிக்கோடிட்டு எல்லோருக்கும் படம் எடுத்து அனுப்பினேன்.

ஜூலையில் பதுளை ஆட்டம். விடிவதற்கு முன் அட்டன் நிலையத்தில் இரவு ரயிலில் ஏறினோம். கொழும்புத் தம்பிமார் நால்வரும் அதிலேயே இருந்தார்கள். நானுஓயாவில் வண்டி நின்றுவிட்டது. பாதையில் மண் சரிந்திருந்தது. இருந்த காசையெல்லாம் திரட்டி ஒரு வேன் பிடித்தோம். ஹக்கலையைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கியதும் சுள்ளென்று வெயில். தென்மேல் பருவமழை நம் பக்கத்தில் கொட்டுகிற மாதங்களில் ஊவா காய்ந்து கிடக்கும். வேனுக்குள்ளேயே சட்டை மாற்றி, சப்பாத்து நாடா கட்டி, வாசலில் நின்றதும் ஐந்து பேர் குதித்து ஓடினார்கள். பதினொரு நிமிடம் பிந்தியிருந்தோம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பந்தைக் கையில் எடுத்தார்.

18 புள்ளிகளால் தோற்றோம். இரவெல்லாம் கண் விழித்த கால்கள் மூன்றாவது கால்பகுதியில் ஓய்ந்துவிட்டன. ஆனாலும் அந்த ஆட்டத்தை என்னால் தோல்வியாக நினைக்க முடியவில்லை.

கடைசி ஆட்டம் அட்டனில், கூரையில்லாத சீமெந்துத் தளத்தில். இரண்டு தடவை மழையால் நிறுத்தி, சாக்குப் போட்டுத் துடைத்துத் துடைத்து ஆடினோம். நான்காம் கால்பகுதியில் எதிரணிக்கு ஐந்தாவது அணித் தவறு. அது முதல் ஒவ்வொரு தவறுக்கும் எங்களுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறியும் ஒரு புள்ளி எறிவு. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது ஸ்டோர் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த தம்பி கோட்டில் நின்றான். இரண்டும் உள்ளே. அந்த ஒரு புள்ளியில் வென்றோம். அவனுடைய அம்மா குடைக்குள் நின்று அழுதுகொண்டிருந்தார்.

7 ஆட்டங்களில் 2 வெற்றி, 5 தோல்வி: 9 புள்ளி. எங்களைவிட ஒரு வெற்றி கூடுதலாகப் பெற்ற அணி ஒன்று இரண்டு ஆட்டங்களுக்கு வராததால் 8 புள்ளியோடு எங்களுக்குக் கீழே நின்றது. 8 அணிகளில் நாங்கள் ஆறாவது.

போன ஞாயிறு பிரட்டுக்களத்துப் பக்கம் போனேன். பள்ளிக்கூடப் பையன்கள் பலகைக்கு நேர் கீழேயிருந்து அளவுநாடா பிடித்து, 4.6 மீற்றரில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஃப்ரீ த்ரோ கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சரியாக இருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொன்னார்கள். சரியாக இருந்தது.